வெள்ளை நாடாவுக்கு வெளியே

மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் வாய் கூசாமல் நன்றாக இருக்கிறேன் என்பாய், பாலம் கட்டுகிறேன் என்று இத்தனை நாள் என் காதில் பூ சுற்றியவள்தானே நீ. பட்டாளத்தில் பொறியாளர் படை என்றால் இரும்புத் துண்டுகளைத் தோளில் சுமந்து போய் ஆற்றின் மேல் பூட்டுவது, பின்னால் வண்டிகள் கடந்து போகும் என்று நீ அளந்ததை உன் அப்பா பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதே படையில் கண்ணிவெடி எடுக்கிற வேலையும் உண்டு, அதை நீயே கேட்டு வாங்கினாய் என்பதை உன் கூட்டாளி நெட்டையன் வாயால் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

லீவில் ஊருக்கு வந்தவன் சனிக்கிழமை தன் அம்மாவோடு நம் வீட்டுக்கு வந்திருந்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசினான். கண்ணைக் கட்டிவிட்டு விரலால் தடவியே வெடியின் வகையைச் சொல்லப் பழக்குவார்களாம், குப்புறப் படுத்துக் கம்பியைச் சாய்வாகத்தான் மண்ணில் செருக வேண்டுமாம், நேராகக் குத்தினால் கதை முடிந்ததாம். எல்லாவற்றிலும் நீதான் முதலாம். வீட்டில் ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் ஓடிப்போவாய், அங்கே மட்டும் எங்கிருந்து வந்தது இந்தப் பொறுமை? பயிற்சியின் முடிவில் பழைய சண்டை நடந்த நிலத்துக்குக் கூட்டிப் போனார்களாம். சோதித்து முடித்த பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டியிருக்க, உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை எடுக்க இந்தப் புத்திசாலி நாடாவைத் தாண்டி முட்டி போட்டானாம். அசையாதே என்று சொல்லிவிட்டு நீ ஊர்ந்து போய், அவனைச் சுற்றி மண்ணைத் துழாவி, முட்டிக்கு ஒரு சாண் தள்ளிப் புதைந்திருந்ததைக் கண்டுபிடித்து அவனைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தாயாம். ஒரு பாட்டிலுக்காக! கொடுத்த டீயைக் கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அவன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். உங்க பொண்ணு என் பையனுக்கு முன்னாடி வழி பாத்துப் போனாத்தான் நான் நிம்மதியா தூங்குவேன், அவள வேலைய மாத்திக்கச் சொல்லிடாதீங்க என்று கெஞ்சினாள். பற்றிக்கொண்டு வந்தது. அவள் பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறான், என் பிள்ளை எங்கே? கையை உருவிக்கொண்டு, எனக்கு வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். வந்தவர்களிடம் மரியாதை இல்லை என்று உன் அப்பா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், அன்றைக்குச் சாப்பாட்டில் அவரும் கை வைக்கவில்லை.

மாதக் கடைசிக்குள் பாலம் கட்டும் பக்கம் மாற்றல் கேட்கலாமாமே, அதையும் அவனே உளறினான். கேள். கேட்காவிட்டால் லீவுக்கு இந்த வாசற்படியை மிதிக்காதே. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப்போவதில்லை. நீ கேட்க மாட்டாய் என்பதும் தெரியும், உன் பிடிவாதம் நான் பெற்றதுதானே. இருமல் மருந்தை வேளைக்குக் குடி. நூறு வயது இரு, இது ஆசீர்வாதம் மட்டுமில்லை, உத்தரவு. பதில் எழுதும்போது மழுப்பாமல் ஒன்றே ஒன்றை மட்டும் எழுது. நெட்டையனுக்கு முன்னால் நீ போகிறாய். உனக்கு முன்னால் யாரடி போகிறார்கள்?

கோபம் ஆறாத
உன் அம்மா