பிப்ரவரி மாதத்துத் தும்மல்

மார்ச் 2

அன்பு வாலுவுக்கு,

போனில் பேசினால் நான் "நேயர்களே" என்று ஆரம்பித்துவிடுவதாகக் கிண்டல் செய்கிறாய். அதனால் இந்தக் கடிதம்.

நம் வானொலி நிலையத்தை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். பாட்டுப் போட வேலைக்குச் சேர்ந்தவன், பன்னிரண்டு வருஷம் கழித்து நிலையத்தையே வாங்கித் தொலைத்தேன். முதலாளியானால் லீவு கிடைக்கும் என்று நினைத்தேன். நான் கண்டதிலேயே மோசமான முதலாளி நான்தான். கொஞ்சம் அசதியாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

விற்கட்டுமா? உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

உன் அப்பா
(முதலாளி, அறிவிப்பாளர், ஸ்டுடியோ பெருக்குபவர்)

மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

விற்காதீங்கப்பா. இவ்வளவு தூரத்துல இருந்தாலும், இன்டர்நெட்ல உங்க காலை நிகழ்ச்சியைக் கேட்டுக்கிட்டுத்தான் தினமும் ஆபீசுக்குக் கிளம்புறேன். நேத்து தும்மிட்டு, "மன்னிக்கணும் நேயர்களே, முதலாளி தூசி தட்டலை"ன்னீங்களே, சிரிச்சதுல பொட்டு கோணலாப் போச்சு. குரலைக் கேட்டாலே நல்லா இருக்கீங்கன்னு தெரியுது. அதான் போன் பண்றதில்லை. கோவிச்சுக்காதீங்க.

அந்தக் குரல் இல்லாம எனக்கு விடியாதுப்பா.

வாலு

மார்ச் 21

அன்பு வாலுவுக்கு,

உட்கார்ந்து படி. நீ கேட்டது பிப்ரவரி மாதத்துத் தும்மல்.

ஒரு மாதத்துக் காலைகளை முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிட்டு, இந்த மாதம் ஆறாம் தேதி ஆஸ்பத்திரியில் படுத்தேன். நெஞ்சைத் திறந்து பழுது பார்த்தார்கள். இப்போது வீட்டில் நடமாடுகிறேன். உன்னிடம் சொல்லச் சொல்லி அம்மா சண்டை போட்டாள். நான்தான் கேட்கவில்லை. அவளைத் திட்டாதே.

மூன்று நாள் கொட்டோ கொட்டென்று மழை. நான் ரேடியோவில் "வெயில் சுள்ளென்று அடிக்கிறது" என்று உளறிக்கொண்டிருந்தேன். ஒரு நேயர் போன் செய்து, "அவருக்கு மட்டும் தனி வானமா சார்?" என்றாராம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் என் நிகழ்ச்சியைத்தான் வைத்திருந்தார். "இந்த ஆளு வாயையே மூட மாட்டானா?" என்று என்னிடமே கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தக் குரலைக் கேட்டாலே நான் நன்றாக இருப்பது தெரிகிறது என்று நீ எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். உன்மேல் கோபமில்லை. ஏமாற்றியவன் நான். ஆனால் எத்தனை வருஷமாக நான் பேச, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய்! உன் காலை எப்படி விடிகிறது என்று எனக்குத் தெரியாது. பொட்டு கோணலானதுதான் எனக்குக் கிடைத்த ஒரே செய்தி.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டேன், உன் பேச்சைக் கேட்கவில்லை. மன்னித்துவிடு. என்னால் முடியவில்லையம்மா.

மாதக் கடைசியோடு பதிவுகள் தீர்ந்துவிடும். ஒன்றாம் தேதி காலையில் ரேடியோவைத் திறக்காதே, போன் செய். நீ பேசு. நடுவில் நான் பாட்டுப் போட மாட்டேன்.

அப்பா