கழிமுனை அல்லியங்கோதையின் பக்க அட்டவணை குறித்த திருவாணை

வளம் பெருகுக, வாய்மை நிலைக்க. கிழக்கே உப்பங்கழியும் மேற்கே குன்றமும் எல்லையாக உடைய வெண்கரை நாட்டை முறை தவறாது ஆண்டுவரும் பேரரசி செங்காந்தள்மாதேவியார் பணித்தபடி, பேரமைச்சன் ஆதன் நெடுங்கோ எழுதும் ஓலை. கழிமுனைத் தீவின் காவலர் வேள் நன்னாகனார் கண்டு ஏற்க. தங்கள் படகுகள் பழுதின்றிக் கரை சேர்க. தங்கள் கிணறுகளில் நன்னீர் வற்றாதிருக்க. தங்கள் மக்கள் நோயற்று வாழ்க.

மின்மடலில் ஒரு நொடியில் எட்டியிருக்கும் செய்தியை ஓலையில் பொறித்து ஆள்வழி அனுப்புவது, இது நிலையான ஆணை என்பதைத் தாங்களும் தங்களுக்குப் பின் வருவோரும் அறிவதற்காகவே. ஆணைக்குக் காரணமானவர் தங்கள் தீவைச் சேர்ந்தவர். அவருக்கு நேர்ந்தது முழுவதையும் தாங்கள் அறிய வேண்டும் என்பது பேரரசியாரின் விருப்பம்.

கழிமுனைப் படகுத்துறையில் வருவோர் போவோரின் உடல்நலம் பார்க்கும் பணிப்பெண் அல்லியங்கோதை. நாற்பத்தொரு வயதினர். காய்ச்சல் ஒன்றில் இடக்கண்ணின் ஒளி பாதி குறைந்தவர். தீவுக்கு நிலையான மருத்துவர் இல்லாமையால், தாமே மருத்துவத் துணைவர் தேர்வை எழுதித் தேறிவிடுவது என்று முடிவெடுத்தார். அத்தேர்வுக்குரிய பாடநூலைக் கல்வி மன்றம் அச்சிடுவதில்லை. இணையத்தில் மட்டுமே வைத்திருக்கிறது. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கங்கள், ஒரே நீளக் கோப்பு. மூடித் திறந்தால் மீண்டும் முதல் பக்கத்தில் போய் நிற்கும். எழுத்தோ எள்ளளவு. திரையில் மூக்கு படும்படி குனிந்து படித்துப் படித்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இருமுறை எழுதி இருமுறையும் தோற்றார். தமக்குப் படிப்பு ஏறவில்லை என்றே அவர் நம்பினார்.

அதே படகுத்துறை அலுவலகத்தில் கடல் ஏற்ற இறக்கத்தைக் குறித்துவைக்கும் பெருங்கீரன் ஒருநாள் அவர் குனிந்திருக்கும் கோலத்தைப் பார்த்து, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டச் சொன்னார். எழுத்துகள் பெருத்தன. மீண்டும் தட்டினார், இன்னும் பெருத்தன. அல்லியங்கோதை நாற்காலியில் நிமிர்ந்து சாய்ந்து அமர்ந்து ஒரு பக்கம் முழுவதையும் படித்து முடித்தார் என்றும், பிறகு எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் கடலைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார் என்றும் பெருங்கீரன் பின்னர் நடந்த விசாரணையில் கூறினார். இரண்டு ஆண்டுகள் வீணானதற்கு அழுதாரா என்று கேட்டதற்கு, தாம் பார்க்கவில்லை என்றார்.

அடுத்து, திரையை இரண்டாகப் பிரித்து ஒருபுறம் நூலையும் மறுபுறம் தம் குறிப்பையும் வைத்துக்கொள்ளக் கற்றார். சொல்லைத் தட்டித் தேடும் வழியையும் கற்றார். ஆனால் “மகப்பேறு” என்று தட்டினால், அச்சொல் கண்ணெதிரே பெரிதாக நின்றபோதும், அப்படியொரு சொல் இல்லை என்றது கணினி. பிழை தம்முடையது என்று எண்ணி ஒன்பது முறை தட்டியிருக்கிறார். பிழை அவருடையதன்று. மன்றத்தார் பழைய சுவடிகளையும் தாள்களையும் படம் பிடித்து அப்படியே ஏற்றியிருந்தனர். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி அறியாது.

இதைப் பெருங்கீரன் கண்டுபிடித்துச் சொன்னதும், அல்லியங்கோதை வேறு வழி பார்த்தார். முதல் படகு வருமுன் கிடைக்கும் காலை நேரத்தில், நாற்பத்தேழு நாட்கள், நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எந்த நோய் எந்தப் பக்கம் என்று தனிக்கோப்பில் அகரவரிசைப்படி தட்டச்சு செய்தார். ஒவ்வொரு தலைப்பையும் தொட்டால் அப்பக்கமே திறக்குமாறு இணைப்பும் கொடுத்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு தலைப்புகள். தேர்வுக்குப் படிக்கும் வேறு மூன்று பெண்களுக்கும் அதை அனுப்பிவைத்தார்.

ஆனித் திங்களில், வலை இழுத்த மாறப்பன் என்பவரைக் கடற்பாம்பு காலில் கடித்தது. படகுத்துறைக்குத் தூக்கி வந்தனர். மாதமொருமுறை வரும் மருத்துவர் இளநாகனார் நல்வாய்ப்பாக அன்று அங்கிருந்தார். கடற்பாம்புக்கடியை அவர் அதுவரை கண்டதில்லை. நூலில் அதற்கெனத் தனிப்பகுதி உண்டு என்பது மட்டும் நினைவிருந்தது. நூலைத் திறந்து உருட்டினார். முந்நூறு போயிற்று, நானூறு போயிற்று. மாறப்பனின் இமைகள் தாழ்ந்து, பேச்சு குழறத் தொடங்கியது. அல்லியங்கோதை தம் கோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு மருத்துவர் அருகே வந்தார்.

“உருட்டாதீங்க ஐயா. எழுநூத்தி முப்பத்தாறு. நேரா அங்க போங்க.”

பக்கம் திறந்தது. அதில் கண்டபடி காலைக் கட்டி அசையாமல் கிடத்தினர்; மூச்சு தளர்ந்தபோது கையால் அழுத்தும் காற்றுப்பையால் மூச்சூட்டியபடியே விரைபடகில் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தனர். மாறப்பன் பிழைத்தார். இன்று கடலுக்குப் போய்வருகிறார்.

இச்செய்தி பரவியபின் மன்றத்தலைவர் குணவீரருக்கு முறையீடு ஒன்று சென்றது. மன்றத்தின் இசைவின்றி நூலுக்குத் துணைக்கோப்பு உருவாக்கிப் பரப்பினார் என்று கூறி, அவர் அல்லியங்கோதையை மூன்றாண்டுகளுக்குத் தேர்வெழுதத் தடை செய்தார். தடை பெற்றவர் பேரரசியாருக்கு விண்ணப்பித்தார். அவைக்கு இருவரும் அழைக்கப்பட்டனர்.

குணவீரர் தீயவர் அல்லர். தேடிப் படிப்பவன் வழியில் நாலு செய்தியைக் கற்கிறான் என்றும், தேர்ச்சி பெறாத ஒருவர் செய்த அட்டவணையில் ஓர் எண் பிறழ்ந்தாலும் ஓர் உயிர் போகும் என்றும் அவர் வாதிட்டார். இரண்டாவது வாதம் மெய்யானது. அவ்வட்டவணையில் இரண்டு எண்கள் பிழையாக இடப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. ஒன்றை அல்லியங்கோதை தாமே முன்னர் கண்டு திருத்தியிருந்தார். மற்றதை அவையில் சுட்டியபோது உடனே குறித்துக்கொண்டார்.

பேரரசியார் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. அவைக்கணினியில் அந்நூலைத் திறக்கச் செய்து, கடற்பாம்புக்கடிப் பகுதியை எடுத்துக் காட்டுமாறு குணவீரரைக் கேட்டார். அரை நாழிகை தந்தார். அவை முழுவதும் அவர் கையையே பார்த்திருந்தது. அவர் உருட்டினார், தாண்டிப் போனார், திரும்பி வந்தார். மேலாடையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அரை நாழிகை முடிவதற்கு முன்பே கையை எடுத்துவிட்டார்.

“அந்தப் பகுதிய எழுதினதே நான்தான் தாயே. எங்க வச்சேன்னு எனக்கே தெரியல. தடைய எடுத்துடறேன்.”

தேர்வின்றியே அல்லியங்கோதைக்குப் பணி வழங்கலாம் என்று அவையோர் சிலர் கூறினர். பேரரசியார் அவர் கருத்தை வினவினார்.

“அப்படிக் குடுக்காதீங்க அம்மா. நான் படிச்சிருக்கேன். எழுதியே காட்டறேன்.”

புரட்டாசியில் எழுதினார். தேறிய அறுபத்தொருவருள் இருபத்து மூன்றாம் இடம்.

ஆகவே பேரரசியாரின் ஆணையாவது: அல்லியங்கோதை கழிமுனைத் தீவின் மருத்துவத் துணைவராகக் கார்த்திகை முதல் நாள் பொறுப்பேற்பார், தாங்கள் அவருக்கு அறையும், எழுத்தைப் பெரிதாக்கினாலும் இடம் போதுமான அகலத்திரைக் கணினியும் ஆயத்தமாக்குக. கல்வி மன்றம் நூல் முழுவதையும் தேடத்தக்க எழுத்தாகத் தட்டச்சு செய்து, பகுதிதோறும் தலைப்பிட்டு, தலைப்பைத் தொட்டால் பக்கம் திறக்குமாறும், விட்ட இடத்திலேயே மறுபடி திறக்குமாறும், கண் தளர்ந்தோருக்குக் குரலில் வாசிக்குமாறும் தைத்திங்களுக்குள் அமைக்க. அதுவரை அல்லியங்கோதையின் அட்டவணையைக் குணவீரர் தாமே ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்து, அல்லியங்கோதையின் பெயருடனேயே நூலின் முகப்பில் வைக்க. குணவீரர் இப்பணியைக் கேட்டுப் பெற்றார் என்பதும் பதியப்படுக.

இன்னும் ஒன்று. ஐந்தாண்டுகளுக்கு முன் அந்நூல் இணையத்தில் ஏறியபோது, கற்போர்க்கு உகந்தது என்று சான்றளித்தவன் இவ்வோலை எழுதும் அமைச்சனே. அன்று அவன் மேலட்டையைக் கண்டான். உள்ளே ஒரு பக்கமும் திறக்கவில்லை. இதை அவையில் அவனே எழுந்து கூறினான். பேரரசியார் அவனைப் பதவியில் இருத்தி, இவ்வாணையையும் அவன் கையாலேயே எழுதப் பணித்தார்: இனி இந்நாட்டில் எந்தப் பாடநூலுக்கும், ஒப்பமிடுபவர் எவராயினும், கற்கும் ஒருவர் கேட்கும் மூன்று செய்திகளை அவர் எதிரிலேயே அந்நூலில் தேடி எடுத்துக் காட்டிய பின்னரே ஒப்பமிடுக.

வெண்கரை அரண்மனை, புரட்டாசி இருபத்தொன்பதாம் நாள். பேரரசியார் கேட்டருளினார், ஆதன் நெடுங்கோ எழுதினேன், நண்டு முத்திரை இடப்பட்டது. ஆணை வழி நடக்க.