நாலாம் ஸ்தலத்தில் நின்ற குரல்

சேசு மரி சூசை

ஆவூர்,
4-3-67

அன்பு மகன் அடைக்கலத்துக்கு அம்மா எழுதுவது. மாதா உன்னையும் மருமகளையும் கண்ணில் வைத்துக் காக்கட்டும். சிங்கப்பூரில் நீங்கள் சுகமென்று கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே நாங்களும் சுகமென்று எழுதினால் அது பொய்யென்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிவரும். பதறாதே, அப்பா நடக்கிறார், சாப்பிடுகிறார், ரசத்தில் உப்பில்லை என்று என்னைக் கோபிக்கவும் செய்கிறார்.

போன மாதம் 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை கோயிலில் எப்போதும்போல உபதேசியார் என்ற முறையில் அப்பாதான் சிலுவைப்பாதை வாசித்தார், நாலாம் ஸ்தலத்தில் சேசுநாதர் தம் தாயாரைச் சந்திக்கிற இடத்தில் குரல் நின்றுபோனது, புத்தகம் கையிலிருந்து விழுந்தது, உபதேசியார் மனம் உருகிவிட்டார் என்று ஜனங்களும் அழுதார்கள், நான் மட்டும் பார்த்தேன், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பத்து நிமிஷத்தில் சரியாகி மீதியையும் வாசித்து முடித்தார். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஜெபமாலை அக்கா, "இப்பிடி ஒரு பக்தியை நாங்க கண்டதில்லங்க, மாதாவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்றாள். அப்பாவும் இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு முன்பே இரண்டு தரம் கை சோர்ந்து காபி டம்ளர் நழுவியதை நான் தேதி, நேரத்தோடு காலண்டரில் குறித்து வைத்திருந்தேன்.

அந்தக் காலண்டரையே சுருட்டிக்கொண்டு செவ்வாயன்று புதுக்கோட்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காதில் மாட்டுகிற குழாயைக் கழுத்தில் வைத்துக் கேட்டார். "சோர்ந்தது கை, கழுத்துல என்னங்க இருக்கு?" என்றார் அப்பா. டாக்டர் குழாயை என் காதிலும் மாட்டிவிட்டார். மகனே, மடைவாயில் சருகு அடைத்தால் தண்ணீர் பிதுங்கி ஓடுமே, அந்தச் சத்தம். முப்பத்தைந்து வருஷம் கூடவே இருந்தும் நான் கேட்காத சத்தம். மூளைக்கு ரத்தம் போகிற குழாய் குறுகியிருக்கிறதாம், அடுத்த தடவை அடைப்பு தானாய் விலகாமலும் போகலாமாம், மதராசில் கழுத்தில் ஊசி வழியாக மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்கவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். சீமையில் ஊசியே இல்லாமல் சத்தத்தை உள்ளே அனுப்பி ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயற்சி நடக்கிறதாம், அது இங்கே வர எத்தனை காலமோ.

பெரிய வெள்ளி கழியட்டும் என்று அப்பா ஒரே பிடிவாதம். ஊசிக்குப் பயந்தவர் இல்லை. மதராசுக்குப் போனால் அன்றைக்கு வந்தது வியாதிதான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், அதுதான். நான் வாதாடவில்லை. "நான் கேட்ட சத்தத்தை நீங்க கேட்டிருந்தா இப்பவே கெளம்பியிருப்பீங்க" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாளாய்க் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நேற்று வெள்ளி. கோயிலில் புத்தகத்தை மைக்கேல்சாமி வாத்தியார் கையில் கொடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நாலாம் ஸ்தலத்துல நிறுத்தாம வாசிங்க வாத்தியாரே, நான் நிறுத்துனது பக்தியில இல்ல, கழுத்துல ரத்தம் அடைச்சுக்கிட்டதால" என்றார். ஜெபமாலை அக்காதான், "அதனால என்னங்க, நாங்க அழுதது அழுததுதானே" என்றாள். அப்பா சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை திருச்சியில் ரயிலேறுகிறோம். நீ லீவு போட்டு ஓடிவராதே, மருமகளுக்கு இது ஏழாம் மாதம். நீ சிகரெட் பிடிப்பதாகக் கேள்வி, டாக்டர் அப்பாவிடம் முதலில் கேட்டதே அதைத்தான், இன்றோடு விட்டுவிடு. வருகிற வெள்ளி ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நான் எழுத்துக்கூட்டியாவது சிலுவைப்பாதை வாசிப்பேன், ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் அப்பா பதில் ஜெபம் சொல்வார். அந்தப் பதில் நடுவில் நிற்காமல் வரவேண்டுமென்று அங்கேயிருந்து நீயும் மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்.

உங்கள் மூவருக்கும் ஆசீர்வாதத்துடன்,
அம்மா
வியாகுலமேரி