கோமதி சொன்ன வடிகட்டி

1953 ஏப்ரல் 12, ஞாயிறு

குருவிகுளம் சாலைப் புழுதி எஞ்சினுக்குள் போய்விடுவதால், வாடகைக்கு விடும் எங்கள் காருக்கு அப்பா புதிய காற்று வடிகட்டி வாங்கப் போகிறார். கம்பிவலை வைத்தது, எண்ணெய்க் கிண்ணம் வைத்தது என்று இரண்டு வகை. மதுரைக் கடை அனுப்பிய ஆங்கில விலைப்பட்டியல் புத்தகத்தை அகராதியோடு மூன்று நாள் படித்தேன். வலை வைத்ததில் கார் வேகமாக ஓடுமாம். அதைத்தான் இன்று அப்பாவிடம் சொன்னேன்.

ஆங்கிலப் பரீட்சையில் எப்போதும் முட்டை வாங்கும் தங்கை கோமதி குறுக்கே வந்தாள். "மாவு மாதிரிப் புழுதி வலையில நிக்குமாப்பா? எண்ணெ தேச்ச தலையிலதான புழுதி அப்புது? கிண்ணம் வச்சதையே வாங்குங்க."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, நீதான் மெக்கானிக்கு! பெரியவ சும்மா புஸ்தகத்தைக் கட்டிக்கிட்டு மாரடிக்கா."

அவள் சொன்னது சரிதான். அதுதான் பொறுக்கவில்லை.

வடிகட்டி அனுப்பச் சொல்லிக் கடைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது மட்டும் என் வேலை. அவர்கள் இருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கோமதி என் தலையணையில் எண்ணெய்த் தலையை வைத்துத் தூங்குகிறாள். கடிதம் முடிந்துவிட்டது. எந்த வடிகட்டி என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.