பாயில் கிடந்த வேர்க்கட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மீன்படகு வரவில்லை. பத்து மணிக்கே வேலையை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் ஆலை அலுவலகத்துக்குப் போனேன். நான் இப்போது செயலாளர் அல்லவா! இன்னும் பதிவே ஆகாத சங்கத்துக்குச் செயலாளர்.

கடலுக்கு அப்பால் தலைநகர் சுவாவிலிருந்து, சங்கங்களைப் பதியும் பதிவாளரின் கடிதம் வந்திருந்தது. எங்கள் பெயருக்கு ஆட்சேபம். பழைய சங்கம் 'மீன் ஆலைத் தொழிலாளர் சங்கம்'. நாங்கள் கேட்டிருப்பது 'மீன் ஆலைத் தொழிலாளர் ஐக்கிய சங்கம்'. இதை அதுவென்று நினைத்துத் தொழிலாளர்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்று பழைய சங்கத்தின் செயலாளர் பிரேம் வதி எழுதிக் கொடுத்திருக்கிறாள். விசாரணை 26ஆம் தேதி. நானும் சாட்சி சொல்ல வேண்டும்.

செமி படித்துவிட்டுச் சிரித்தான். என் மாமன் மகன், பகல் ஷிப்டுக்கு மேற்பார்வையாளன், முதலாளிகளின் காது. "ஒரே தெருவுல ரெண்டு மேரி இல்லையா? அதுக்காக யாராச்சும் வீடு மாறிப் போயிடறாங்களா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 7, வெள்ளி

வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெயரை வைத்தது நான். செமி ஏதோ புதிய பெயராக வைக்கச் சொன்னான். புதிய பெயருக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்று சொன்னவள் நான்தான். பழைய சங்கத்தின் அதே நீலத் தாள், மேலே அதே படகுப் படம். அதுவும் என் யோசனை. தாளின் அடியில் ஒரு வரி: முந்தைய சங்கத்திலிருந்து விலகுகிறேன். அந்த எழுத்தை மட்டும் சிறிதாக்கினேன்.

ஒன்பது வருஷம் பிரேம் அக்காவுக்குக் கீழே கூட்டக் குறிப்பு எழுதியிருக்கிறேன். போன வருஷத் தேர்தலில் அவளை எதிர்த்து நின்று பதினொரு ஓட்டில் தோற்றேன். அந்தப் பதினொன்று தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இதுதான் காரணம். பெரிய காரணம் ஒன்று இருந்தால் தேவலை என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

கையெழுத்து வாங்கிய விதம் அதைவிடக் கேவலம். செமியும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் யங்கோனா வேர்க்கட்டைப் பாயில் வைத்து, அவன் முறைப்படி நாலு வார்த்தை பேசுவான். வீட்டார் கைதட்டி அதைத் தொட்டு எடுத்துக்கொள்வார்கள். அந்த வேரை இடித்துக் கரைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குடிப்போம். வேரைத் தொட்டு எடுத்த பிறகு, கொண்டுவந்தவர் கேட்பதை இல்லையென்று சொல்வது எங்களுக்குள் வழக்கமில்லை. அப்போதுதான் நான் தாளை நீட்டுவேன்.

நூற்று நாற்பது பேர். ஒருத்தியும் படிக்கவில்லை. படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் வேரைக் கொண்டுபோனேன்.

பக்கத்து வீட்டு விநைசி பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாள். "நீ நீட்டுறத நான் எதுக்குடி படிக்கணும்?" டின் மூடும் எந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்தவள். காயம் ஆறாத அந்தக் கையாலேயே போட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் விநைசி எனக்கும் சேர்த்துப் பாடினாள்.

மார்ச் 13, வியாழன்

இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. — பொய். நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

எந்திரத்தின் பாதுகாப்பு மூடியை விநைசியே திறந்தாள் என்று சொல்லித்தான் நவம்பரில் அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே மூடி உடைந்துவிட்டது என்பது ஆலைக்கே தெரியும். அவளுக்காகப் பழைய சங்கம் வழக்காடிக்கொண்டிருந்தது. இன்று சுவாவில் கம்பெனி வக்கீல் ஒரு நீலத் தாளை எடுத்துக் காட்டினாராம். இந்த அம்மாள் கையெழுத்துப் போட்டு அந்தச் சங்கத்தை விட்டு விலகிவிட்டார், அவருக்காகப் பேச அவர்களுக்கு உரிமையில்லை என்று. வழக்கு நின்றுவிட்டது. 26ஆம் தேதி எங்கள் பெயர் பதிவானால் ஒரேயடியாக முடிந்தது.

கையெழுத்துக் கட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லி செமியிடம் கொடுத்தது நான்.

பிரேம் அக்கா கப்பலை விட்டு இறங்கி நேராக ஆலை வாசலுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "பதினொரு ஓட்டுக்கா, அக்கானிசி? வாயத் தொறந்து கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே. எனக்கென்ன, இந்தப் பதவியக் கட்டிக்கிட்டு அழணும்னு வேண்டுதலா?"

பின்னால் விநைசி. கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 15, சனி

விநைசி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். கடைத்தெருவில் இருப்பதிலேயே நல்ல வேர்க்கட்டாக வாங்கினேன். எனக்காகப் பேச ஒருவரை அழைத்துப்போவதுதான் முறை. யாரை அழைப்பேன்? செமியையா?

தலை குனிந்து, பாயில் வைத்து, நானே பேசினேன். தப்பு செய்துவிட்டேன் என்றேன்.

அவள் தொடவில்லை.

"போன தடவையும் இதத்தான் கொண்டாந்தே. இதத் தொட்டா அப்புறம் நீ கேக்குறதுக்கெல்லாம் நான் சரின்னு சொல்லணும். எடுத்துட்டுப் போ."

மன்னிப்புக்கென்று எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். அதையும் நான் பாழாக்கி வைத்திருக்கிறேன். வேர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு தெருவோடு திரும்பி வந்தேன். கொண்டுபோன வேர் திரும்பி வருவதை இந்தத் தெரு பார்த்ததில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

அடுப்படி மூலையில் அது கிடக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமலே சமைத்தேன். மரவள்ளிக்கிழங்கு குழைந்துபோயிற்று. அப்படியே தின்றேன்.

மார்ச் 24, திங்கள்

செமி வந்து பாடம் நடத்தினான். "எல்லாரும் படிச்சுப் பாத்துத்தான் போட்டாங்கன்னு ஒரே ஒரு வரி சொல்லு. சங்கத்துக்குத் தனி ரூம், உனக்கு மேசை, ஃபேன். மீன் செதிலே தொட வேணாம்."

"அப்படிச் சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது. நீதான் ஊர் முன்னால அசிங்கப்படுவே."

அவன் சொல்வது சரிதான். பயமாக இருக்கிறது. விநைசியின் கையை நினைத்தால் வரும் பயம் இல்லை இது, என் முகத்தைப் பற்றிய பயம். இப்போதும் என்னைப் பற்றியேதான் கவலைப்படுகிறேன். என்ன பிறவி நான்!

மார்ச் 26, புதன். சுவா

பதிவாளர் அதிர்ந்து பேசாத மனுஷர். இரண்டு நீலத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டினீங்களாம்மா?"

"இல்லீங்க."

"ரெண்டுலயும் ஒரே படகு. ஏன்?"

செமி தொண்டையைச் செருமினான். நான் நிமிரவில்லை.

"பழைய சங்கத்துத் தாள்னு நெனச்சுப் போடட்டும்னுதான். பேரும் அதுக்காகத்தான். யோசனை என்னோடது."

எழுதிக்கொள்பவருக்குக் காதில் விழவில்லையாம். உரக்கச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன். எங்கள் ஆலைப் பெண்கள் நாற்பது பேர் கப்பலேறி வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகிவிடும் என்பார்களே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. முதுகெல்லாம் எரிந்தது.

திரும்பும் கப்பலில் மேல்தட்டில் தனியாக நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கடலில் குதித்திருப்பேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெயரைப் பதிய மறுத்துவிட்டார்கள். கையெழுத்துகள் செல்லாது. விநைசியின் வழக்கைப் பழைய சங்கமே நடத்தலாம்.

நான் மறுபடியும் செதில் சுரண்டும் மேசையில். எனக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலி. யாரும் திட்டவில்லை. இரண்டு வார்த்தை திட்டினால்தான் என்ன?

செப்டம்பர் 2, செவ்வாய்

மாலை விநைசி வந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் வாசலில். கையில் தாள்கள்.

"பிரேம் அக்கா சுவாவுல இருக்கா. நாளைக் காலையில கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். வக்கீல் இங்கிலீஷ், எனக்குப் புரியல. படி."

சமரச ஒப்பந்தம். நாலு பக்கம். வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். லேபிள் ஒட்டும் பிரிவில் வேலை. மருத்துவச் செலவு கம்பெனியுடையது. மூடி உடைந்திருந்ததை ஒப்புக்கொள்கிறார்கள். படித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் பேனாவை நீட்டிவிட்டேன்.

அவள் வாங்கவில்லை. "மொதல்லேருந்து படி."

மறுபடியும் படித்தேன். அடியில் இருந்த சின்ன எழுத்து வரைக்கும். மீதியிருக்கும் மூன்று விரலில் ஒன்றை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். பிறகு தன் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

போகும்போது அடுப்படி மூலையைப் பார்த்து நின்றாள்.

"அந்த வேரு இன்னுமா இருக்கு?"

இருக்கிறது என்றேன்.

"பூசணம் புடிச்சிடப் போவுது. எடுத்து வெயில்ல வை."