செவ்வாய்க்கிழமை வடக்கே போன பை

வீடு பெருக்கும்போது உன் பையைக் கொஞ்சம் நகர்த்தினேன். அவ்வளவுதான், கூடம் முழுக்க உன் தைல வாசனை. பையின் ஜிப் இன்னும் நீ இழுத்துவிட்டபடியே இருக்கிறது. உள்ளே தைலக் குப்பியைத்தான் சரியாக மூடியிருக்க மாட்டாய். எதைத்தான் சரியாக மூடினாய் நீ? துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாளை செவ்வாய்க்கிழமை. நாளைக்கு நாம் கோலாலம்பூர் போகிறோம் என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

'நாம்' என்று எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும்.

பட்டணம் பார்க்கும் ஆசை உன்னுடையது. தனிக்கட்டையான எனக்கு நம் சின்ன ஊர் ரெங்கமே போதும். பத்துமலைக்குத்தான் ஒருமுறை போய் வந்தோமே என்றால் உனக்குக் கோபம் வரும். "அது கணக்குல வராது வசந்தா. பஸ்ல தூங்கினோம், மலை ஏறினோம், திரும்ப பஸ்ல ஏறித் தூங்கினோம். கே.எல். எங்க பார்த்தோம்?" என்பாய். நீ சொன்னதும் உண்மைதான்.

அந்த ஆசை எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். குளுவாங் ஆஸ்பத்திரியின் சலவை அறையில், நீயும் நானும் விரிப்பு மடிக்கும் இடத்தில். பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, இழுத்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் நீ "ம், வா" என்பாய். வராமல் நான் எங்கே ஓடிவிடப் போகிறேன் என்று எனக்கு எரிச்சலாக வரும். அப்படி நடந்து வந்து என் கையில் முனைகளைக் கொடுக்கும்போதுதான் ஒருநாள் சொன்னாய்: "நாம துவைக்காத விரிப்புல ஒரு ராத்திரி படுக்கணும். காலையில எழுந்து மடிக்கக் கூடாது. அப்படியே கசங்கக் கசங்கப் போட்டுட்டு வந்துடணும். வேற யாராச்சும் வந்து விரிக்கட்டும்."

அதற்குப் பிறகு உனக்கு வேறு பேச்சே இல்லை. தண்டவாள வேலை நடந்த வருடங்களில் எல்லாம், "புது ரயில் வரட்டும், போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ரயில் வந்ததும் உன் கவலை எஸ்கலேட்டர் பக்கம் திரும்பியது. கே.எல். ஸ்டேஷனில் அதில்தான் ஏற வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை என்னைக் குளுவாங் சூப்பர்மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனாய். என் இடது மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்துவிட்டது. ஏறினோம், இறங்கினோம், மறுபடியும் ஏறினோம். எதையும் வாங்காமல் ஏறி இறங்கும் இரண்டு பொம்பளைகளைப் பார்த்துக் காவலாளி சிரித்தார். நீயும் பதிலுக்குச் சிரித்து, "பிராக்டிஸ் அங்கிள்" என்றாய். அவருக்கு உன் வயதுகூட இருக்காது.

சூப்பர்வைசர் நம் இருவருக்கும் சேர்த்து விடுப்பு கொடுத்தது செவ்வாயும் புதனும்தான். உன் மகள் போனிலேயே டிக்கெட்டும் ஓட்டல் அறையும் எடுத்துத் தந்தாள். எல்லாம் முடிந்த பிறகு நீ நாள்காட்டியைப் பார்த்தாய்.

"அலமாக்! செவ்வாக்கிழமை வடக்க சூலம் லா. வடக்க போற ரயில்ல எப்படி ஏறுறது?"

"ரயில் ஓட்டுறவர் சூலம் பாத்தா ஓட்டுறாரு?"

"நீ சும்மா இரு. பரஸ்தானம் வச்சுட்டா சரியாப் போயிடும்."

நான் அதுவரை கேள்விப்படாத வார்த்தை. எஸ்டேட்டில் இருந்தபோது உன் அம்மா செய்வாராம். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பையை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. ஒரே ஒரு கண்டிப்பு: பயணம் போய் வராமல் அந்தப் பை மறுபடி சொந்த வீட்டு வாசற்படி ஏறக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் புடவை கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீடு தள்ளி என் வீட்டுக்கு வந்தாய். செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் அதை வைத்து, "கிளம்பிட்டேன்" என்றாய். பிறகு உலையில் அரிசி இருக்கிறது என்று திரும்பி ஓடினாய். "பை ஊருக்குப் போவுது, ஆளு சோறு வடிக்கப் போவுது" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

மறுநாள் வேலை முடிந்து, வேனுக்குக் காத்திருந்தபோது, "லேசா மூச்சு முட்டுது" என்று பெஞ்சில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வாசல் அது. ஓடி வந்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள், அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நாம் காலையில் மடித்த விரிப்பு ஒன்றைத்தான் உன்மேல் போர்த்தினார்கள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை நல்ல நேரம் பார்த்தவள் இப்படியா செய்வாய்? மறுநாள் நமது ரயில் குளுவாங்கைத் தாண்டிப் போன நேரத்தில் நான் உன் வீட்டு வாசலில், உன்னை எடுப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்து உன் மகள் வந்தாள். "ஆன்ட்டி, அம்மா பையைக் கொடுக்கிறீங்களா? அந்த நீலப் புடவை அதுலதான் இருக்கு" என்றாள். கொடுத்திருக்க வேண்டியதுதானே? சூலத்தைக் கேலி செய்தவள் நான். ஆனால் பையைத் தூக்கக் கை போகவில்லை. "பயணம் முடியாம அது உங்க வீட்டுப் படி ஏறக் கூடாதும்மா. உங்கம்மா சொன்னது" என்றேன். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்க போய்ட்டு வாங்க ஆன்ட்டி. அம்மா பையோட" என்றது.

அவளே மறுபடி எல்லாம் எடுத்துத் தந்தாள். அதே ஓட்டல்தான், அதே செவ்வாய்க்கிழமைதான். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ இருந்தால் உன் பயத்தைக் கேலி செய்துகொண்டே என்னுடையதை மறைத்திருப்பேன்.

அன்றைக்கு இதை இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். போய் வந்துவிட்டேன். மீதியையும் கேள்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன், சண்டை போட ஆளில்லை. பையை மேலே வைக்க மனம் வரவில்லை, வழி முழுக்க மடியிலேயே இருந்தது. கே.எல். ஸ்டேஷனில் அந்த எஸ்கலேட்டர். குளுவாங்கில் இருப்பதைவிட அது நீளம். நீ பார்த்திருந்தால் அடுத்த ரயிலிலேயே திரும்பியிருப்பாய். ஏறும்போது என் இடது கை தானாகவே பின்னால் நீண்டது. பின்னால் வந்தவர், ஏதாவது வேண்டுமா என்று மலாயில் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயந்திரம் இரட்டைக் கோபுரம் பார்த்தேன். உயரம்தான். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு மணி நேரம் வாய் மூடாமல் பேசியிருப்பாய், நானும் அதற்கு முணுமுணுத்திருப்பேன், அழகாக இருந்திருக்கும்.

ஓட்டலில் சாவி கொடுத்த பெண், "ஒரு ஆளுதானாம்மா? ரெண்டு கட்டில் ரூம்ல போட்டிருக்கு" என்றாள். இருக்கட்டும் என்றேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு. பையை அதன் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். நம்முடைய சலவை இதைவிட வெள்ளை, சத்தியமாக.

காலையில் எழுந்ததும் என் கை விரிப்பை மடித்துவிட்டது. நாலு மூலையும் சேர்த்துவிட்ட பிறகுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. உதறிக் கட்டிலிலேயே போட்டேன். திரும்பினால், உன் கட்டில். ஒரு சுருக்கம் இல்லாமல், யாரும் வராத கட்டில். அதைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. போய் அதில் படுத்தேன். புரண்டேன். தலையணையில் முகத்தை வைத்து நன்றாக அழுதேன். எழுந்து பார்த்தபோது விரிப்பு நீ கேட்டபடியே கசங்கியிருந்தது. மடிக்கவில்லை. இரண்டு கட்டிலையும் அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.

ரெங்கம் வந்து வேனிலிருந்து இறங்கி நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் மகள் வாசலில் நின்றாள், கையை நீட்டவில்லை. பையோடு படிக்கு வெளியே நானும் நின்றேன். தாண்டினால் பயணம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நமக்குப் போக ஒரு ஊர் இல்லை, திட்டம் இல்லை, சண்டை இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ.

"ம், வா" என்றேன்.

யாரிடம் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. படி ஏறிப் பையை அவள் கையில் கொடுத்தேன். திறந்ததும் தைல வாசனை வீடு முழுக்கப் பரவியது. நீலப் புடவையில் தைலம் கொட்டியிருந்தது, நான் சொன்னேன் அல்லவா?

பை போய்விட்டது. கூடத்தில் அந்த மூலையை இன்னும் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். சலவை அறையில் உன் இரண்டு முனைகளை இப்போது ஒரு புதுப் பெண் பிடிக்கிறாள். விரிப்பை உதறிவிட்டு எப்போது நடக்க வேண்டும் என்று தெரியாமல் நிற்பாள். நான்தான் சொல்கிறேன், ஒவ்வொரு விரிப்புக்கும், உன் குரலில்.