காலை ஏழு மணிப் பாடம்

ஜூன் 4, ஞாயிறு

என் வாசிப்புக் குழுவில் பள்ளியைப் பாதியில் விட்ட பதினோரு பெண்கள். ஆறு பேர் இந்த வாரம் மந்தையோடு மலைமேல் சோங்குல் ஏரிக்கரை மேய்ச்சலுக்குப் போகிறார்கள். மேலே சிக்னல் கிடையாது. பள்ளியிறுதித் தேர்வு ஆகஸ்டில். முப்பது நாள் வாசிப்பு ஒருநாளும் விட்டுப்போகக்கூடாது என்று விதி போட்டது நான். வழி சொன்னதும் நான்தான். முப்பது பக்கங்களையும் கீழே ஊரிலேயே படித்துக் குரலைப் பதிந்து, நாளுக்கொன்றாகக் காலை ஏழு மணிக்கு டெலிகிராம் குழுவுக்கு வரும்படி நேரம் குறித்துவிட வேண்டும். ஃபோன் அணைந்திருந்தாலும் வரும்.

மேலே போகிறவர்களில் ஒருத்தியான உல்கான் கேட்டாள்: “டீச்சரக்கா, மாட்டுக்கும் இப்படி நேரம் குறிச்சு வெச்சா தானா பால் கறந்துக்குமா?”

ஜூன் 8, வியாழன்

சைராகன் வீட்டார் திங்களன்றே லாரியில் போய்விட்டார்கள். வாசிப்பை முடிக்க அவள் மட்டும் ஊரில் தங்கியிருந்தாள். முப்பதும் முடிந்தது, குதிரையில் கிளம்புகிறேன் என்று மதியம் எழுதினாள். விடாப்பிடிக்காரி.

ஜூன் 14, புதன்

ஏழு மணி. ஆறு குரல்களும் வந்தன. ஆட்கள் ஓரிடத்தில், குரல்கள் வேறிடத்தில். நானே செய்த ஏற்பாடு; எனக்கே விசித்திரமாக இருக்கிறது. சைராகன் குரலுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் கேட்கிறது.

வீட்டில் சண்டை வரக்கூடாதென்று கணவர்களையும் குழுவில் சேர்த்திருக்கிறேன். அவள் கணவன் முகன்பெத்துக்கு வெளிநாட்டில், த்யூமென் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை. “எம் பொண்டாட்டி குன்று ஏறி சிக்னல் புடிச்சுப் படிக்கறா, பாத்துக்குங்க!” என்று போட்டிருந்தான். நான் திருத்தவில்லை.

ஜூன் 21, புதன்

மாவு வாங்க உல்கான் கீழே வந்திருந்தாள். கடைவாசலில் பிடித்துக்கொண்டாள்.

“சைராகன் இன்னுமா படிச்சு முடிக்கல? அங்க மாமியார் கத்திக்கிட்டு இருக்கா, மருமக மந்திரியாகப் போறாளாம்.”

“அவ எட்டாந்தேதியே கிளம்பிட்டாளே.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. “அங்க வரலியே அக்கா.”

மேலே இருந்தவர்கள் அவள் கீழே இருப்பதாக நினைத்தார்கள். கீழே நாங்கள் மேலே என்று. பதின்மூன்று நாள். காலையில் குரல் வந்துகொண்டிருந்தது, அதனால் யாரும் தேடவில்லை. நான்கூட.

ஜூன் 23, வெள்ளி

கிடைத்துவிட்டாள். பனி உருகி ஆறு பெருகியிருந்த துறையில் குதிரையை இறக்கியிருக்கிறாள். இரண்டு வளைவு தள்ளி, விழுந்துகிடந்த மரத்தின் அடியில். குதிரை எவருடைய மந்தையோடோ மேய்ந்துகொண்டிருந்தது. மாலையே அடக்கம்.

இன்று காலை ஏழு மணிக்குப் பதினைந்தாம் பக்கம் படித்தாள்.

முப்பது நாள் என்று எவள் விதி போட்டாள்? எதுக்குப் போட்டா?

ஜூன் 24, சனி

அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டால் மீதிக் குரல்கள் வராது. செய்யப்போகிறேன் என்று அவள் மாமனார் ஷெர்மத்திடம் சொன்னேன்.

“வேணாம்மா. முகன்பெத் கிளம்பிட்டான். அவங்கம்மாவுக்கு முடியலன்னு சொல்லியிருக்கு. செத்த சேதிய ஃபோன்ல சொல்ற வழக்கம் நமக்கு எப்ப வந்துச்சு? வரட்டும். பெரியவங்க உக்கார வெச்சுச் சொல்றோம். வழியில தெரிஞ்சா தனியாளா என்ன ஆவான்? குரல் நின்னா புரிஞ்சுக்குவான்.”

“அது பொய்யில்லையா?”

“நீ பத்திரிகைக்காரி. உனக்கு அப்படித்தான் தோணும்.”

மாவட்டப் பத்திரிகையில் எனக்கு முப்பத்துநான்கு வருடம். தெரிந்த சேதியை ஒருநாள்கூடப் பிடித்துவைத்ததில்லை.

ஜூன் 25, ஞாயிறு

பதினேழாம் பக்கம். படித்து முடித்துவிட்டுக் கேட்கிறாள்: “சரியா படிச்சேனா டீச்சரக்கா? பதில் போடுங்க.”

என்ன போடுவது? யாருக்கு?

ஏதோ ரயில் நிலையத்திலிருந்து முகன்பெத்: “போடுங்கக்கா. காத்துக்கிட்டு இருப்பா.”

கீழே இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் திறந்து பார்த்திருந்தார்கள். ஒருத்தியும் எழுதவில்லை.

‘நன்று’ என்று போட்டேன்.

ஜூன் 26

பதினெட்டு. ‘நன்று.’

ஜூன் 27, செவ்வாய்

வந்துவிட்டான். ஊர் எல்லையிலேயே காரை நிறுத்திப் பெரியவர்கள் நால்வர் அழைத்துப்போனார்கள். அவளுக்காகப் போட்டிருந்த துக்கக் கூடாரத்தில் பெண்கள் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவன் அழுகை கேட்டது.

குரல்கள் முன்பே நேரம் குறித்துவைத்தவை என்றும் தெரிந்துகொண்டு, சாயங்காலம் என்னிடம் வந்தான்.

“நீங்க நன்றுன்னு போட்டப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“இன்னும் பதினொண்ணு இருக்கில்ல?”

“இருக்கு.”

“எடுத்துராதீங்க.”

ஜூலை 8, சனி

முப்பதாம் பக்கம். வழக்கத்தைவிட வேகமாகப் படிக்கிறாள். முடித்ததும் பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். நாற்காலி நகர்கிறது. கதவு. பூட்டு. முற்றத்துக் காற்று. குதிரையைச் செல்லமாகத் திட்டுகிறாள்: “நில்லுடா தடியா, உன்னைவிட எனக்கு அவசரம்.” சேணம் இறுக்குகிற சத்தம். பிறகு ஃபோனுக்கு மிக அருகில்: “அட, இன்னும் ஓடுதா இது!” சிரிப்பு. அதோடு சரி.

அடக்கம் முடிந்து பதினைந்து நாள். இன்றைக்குத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள்.

முகன்பெத் கேட்டிருக்கிறான் என்று குழு காட்டுகிறது.

ஜூலை 9, ஞாயிறு

ஏழு மணிக்கு முன்பே விழிப்பு வந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து மணிக்குக் குழுவில் எழுதினேன்: இனி வாசிப்பு மாலை ஆறு மணிக்கு. யாரும் நேரம் குறித்துவைக்க வேண்டாம். மலையில் இருப்பவர்கள் இறங்கி வந்த பிறகு படித்தால் போதும்.